தப்புச் சொல்லும் உத்தியோகம்

சென்ற வாரம் எனக்கு ஒரு தோல்வி. இருபது மாணாக்கர்கள் பார்க்க, ஓர் இன்ஸ்பெக்டரும் பார்க்க, ஏழு வயதுப் பெண் ஒருத்தியிடம் தோற்றேன். அன்று மாலையிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் காரணம் கேட்டார்கள். தோற்றுவிட்டேன் என்றேன். நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கஷாயம் போட உள்ளே போனார்கள்.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உபாத்தியாயர்களைத் தயார் செய்கிற டிரெயினிங் ஸ்கூல் ஒன்றில் எனக்கு வேலை. பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி என்று பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இதை ராஜபாளையத்தில் என் தெருவிலுள்ள பஞ்சு வியாபாரிக்குப் புரியவைக்க ஒரு முறை முயன்றேன்.

“அப்ப நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலையா?”

“இல்லை. சொல்லித்தரப் போகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறேன்.”

“உங்களுக்கு யாரு சொல்லித் தந்தாக?”

லண்டனில் அச்சான மூன்று புத்தகங்கள் என்று சொல்லியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன்.

எங்கள் ஸ்கூலை ஒட்டி ஒரு மாடல் ஸ்கூல் உண்டு. அதன் முதல் வகுப்பில் அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகள் முப்பது பேர். எங்கள் மாணாக்கர் ஒவ்வொருவரும் அங்கே போய் ஒரு பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பின்வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் என்று எழுதுவார்கள். கிரிட்டிசிசம் லெசன் என்று பெயர். நிறைப் பக்கத்தில் ‘குரல் கணீரென்று இருந்தது’ என்று ஒரு வரி இருக்கும். குறைப் பக்கத்துக்குக் கூடுதல் தாள் கேட்பார்கள்.

யுத்தம் வந்த பிறகு புதுப் புத்தகம் வருவது நின்றுபோயிற்று. இருக்கிற வாசகப் புத்தகத்தில் கிழியாமல் மிஞ்சிய பாடங்களில் மிக நேர்த்தியானது வாத்துப் பாடம். சின்னச் சின்ன வாக்கியம். அழகான படம். ஆகவே எல்லோரும் வாத்துப் பாடமே நடத்தினார்கள். ஆண்டுக்கு இருபது பேர்... வாத்தும் சளைக்கவில்லை.

பிள்ளைகள் மட்டும் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். சாத்தூர்க்காரர் ஒருவர் பாடத்தின் நடுவில் பயத்தில் வெலவெலத்து நின்றபோது, முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் பரிவோடு வந்தது. “சார், இப்பப் படத்தைக் காட்டணும்.”

இதற்கெல்லாம் மேலாக, என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று. தவறு செய்கிற பிள்ளையை வையாமல், அடிக்காமல் திருத்துவது எப்படி என்று உபாத்தியாயர் காட்ட வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை தவறு செய்ய வேண்டுமே? வாத்துப் பாடத்தில் ஒருவரும் தவறு செய்வதாக இல்லை. எனவே ஒரு பிள்ளையை அதற்கென்றே நியமித்தேன். ‘வாத்து நீரில் நீந்தும்’ என்று வருகிற இடத்தில் அந்தப் பிள்ளை ‘வாத்து நீரில் பறக்கும்’ என்று வாசிக்கும். உபாத்தியாயர் புன்னகையோடு, “படத்தைப் பாரம்மா, பறக்கிறதா?” என்பார். பிள்ளை பார்த்து, வெட்கப்பட்டு, “நீந்துது சார்” என்னும். இன்ஸ்பெக்டர் தம் குறிப்பில், ‘தவறு திருத்தும் முறை மிக நன்று’ என்று எழுதுவார்.

இந்த ஆண்டு அந்த உத்தியோகம் சண்முகவடிவுக்கு. மூன்றாவது பெஞ்சு, ஓரம். வெட்கப்படுவதில் அவளுக்கு இணையாக இதுவரை ஒருவரும் வாய்த்ததில்லை.

இப்படி எல்லாம் சீராக நடந்துகொண்டிருந்தபோதுதான் ஞானமுத்து வந்தார்.

சேத்தூர்க்காரர். வயது முப்பதுக்குப் பக்கம். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகச் சர்ட்டிபிகேட் இல்லாமலே பாடம் நடத்தி வந்தவர். பள்ளிக்கூட மானேஜர் கடைசியாக ஒரு கடிதம் கொடுத்து எங்களிடம் அனுப்பியிருந்தார். சர்ட்டிபிகேட்டோடு வந்தால் வேலை. வராவிட்டால் ஜூன் மாதம் அந்த நாற்காலியில் டிரெயினிங் ஆன வேறொருவர். போன ஆண்டுப் பரீட்சையில் மனிதர் தவறிவிட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை வாசிக்கத் தயங்கி நின்றது, இவரும் அதோடு நின்றார், முப்பது நிமிஷம் முடிந்து மணி அடித்தபோது பாடத்தின் ஐந்து படிகளில் மூன்று பாக்கி. இந்த ஆண்டும் தவறினால் மூன்றாவது தடவை என்பது கிடையாது.

சனிக்கிழமைகளில் நான் ராஜபாளையத்துக்கும் அவர் சேத்தூருக்கும் ஒரே பஸ்ஸில் போவோம். பெட்ரோல் பஞ்சத்தில் இப்போதைய பஸ்கள் எரிந்துகொண்டிருக்கிற கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகின்றன என்பது தெரிந்ததே. ஓடுகின்றன என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். பரீட்சைக்கு மூன்று வாரம் முந்திய சனிக்கிழமை, ஒரு பாலத்து ஏற்றத்தில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஞானமுத்து எனக்குப் பக்கத்தில்.

“ஐயா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிடப்பிடாது.”

“பஸ்ஸைத் தள்ளுகிறவனுக்குக் கோபப்பட மூச்சு ஏது? சொல்லும்.”

“மாடல் ஸ்கூல் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியலைங்க.”

நான் தள்ளுவதை நிறுத்தினேன். அதனால் பஸ்ஸின் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

“ஏங்காணும், நேற்றுத்தானே முப்பது பேரும் வரிசையாக வாசித்தார்கள்? உம் காதில் விழவில்லையா?”

“விழுந்துச்சுங்க. பொறவு நான் அடுத்த பக்கத்தைத் திருப்பி வடிவுகிட்டக் குடுத்தேன். அந்தப் பக்கத்துல மாட்டுவண்டிப் பாடம். படமும் மாட்டுவண்டிதான். மாட்டைப் பாத்துக்கிட்டே, ‘வாத்து நீரில் நீந்தும்’ங்கா.”

“விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள்.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ‘ஏட்டி, இது வண்டில்லா’ன்னேன். ‘இந்தப் பக்கத்துக்கு இன்னும் யாரும் வரலையே சார்’ங்கா.”

பஸ் நகர்ந்தது. ஏறி உட்கார்ந்தோம். ராஜபாளையம் வந்தது. நான் இறங்கும்போது ஞானமுத்து, “பரீட்சைக்கு வாத்து வேண்டாம்னு பாக்கேன்யா” என்றார்.

“புத்தி கெட்டுப்போயிற்றா? புதுப் பாடம் என்றால் பிள்ளைகள் தட்டுத் தடுமாறும். நேரம் ஓடும். போன ஆண்டு நடந்தது மறுபடி நடக்கும். முதலில் வாத்தை நடத்திச் சர்ட்டிபிகேட்டை வாங்கும். பிறகு சேத்தூரில் யானையை வேண்டுமானாலும் நடத்தும்.”

“சரிங்கய்யா.”

அந்தச் ‘சரிங்கய்யா’ எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளைகள் அதே தொனியில்தான் எண்ணெய்க் குளியலுக்குச் சம்மதிப்பார்கள்.

திங்கட்கிழமை ஞானமுத்து ஒரு மூட்டையோடு வந்தார். அவருடைய மைத்துனருக்கு ராஜபாளையம் மில்லில் வேலை. நூல் சுற்றுகிற அட்டைக் கூம்புகள் நசுங்கினால் கழித்துவிடுவார்களாம். அவற்றை வாங்கி, பிரித்து, நிமிர்த்தி, சதுரமாக வெட்டி வைத்திருந்தார். காகிதம் கண்ணில் படாத காலத்தில் அத்தனை அட்டையைப் பார்த்ததும் எங்கள் குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இடைவேளைதோறும் மாடல் ஸ்கூலில் ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை வெளியே தூணுக்குப் பின்னால் போய் நிற்கும். உள்ளே இருக்கிற ஒரு பிள்ளை எதையாவது ஞானமுத்து காதில் சொல்லும். அதை அப்படியே அட்டையில் எழுதுவார். வெளியே நின்ற பிள்ளை வந்து அதைப் படிக்க வேண்டும். சொன்னது என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மனப்பாடம் பண்ணவும் வழியில்லை, ஏனென்றால் அந்த வாக்கியம் அதற்கு முன் உலகத்திலேயே கிடையாது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. என் புத்தகங்கள் சொல்லும் ஐந்து படிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. வந்த பிள்ளை அட்டையை வெறித்துக்கொண்டு நிற்கிறது. ஞானமுத்து உதவி செய்வதில்லை. முதலெழுத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பாட்டுக்கு நிற்கிறார். வகுப்பறையில் மௌனம் நிலவினால் உபாத்தியாயருக்கு மதிப்பெண் குறையும் என்பது நானே எழுதிய விதி. நான் மூன்று தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடித்தேன். மௌனம் முடியவில்லை.

முதல் வாரம் ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள், அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற வடிவு திடீரென்று சிரித்தாள். சிரித்த பிறகுதான் வாய்விட்டு வாசித்தாள். “இசக்கி... மூக்குல... மை இருக்கு.” முதல் பெஞ்சில் ஒரு பையன் அவசரமாக மூக்கைத் துடைத்தான்.

வாசிப்பதற்கு முன் எப்படிச் சிரித்தாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வகுப்பில் ஒழுங்கு இல்லை என்று குறித்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

பரீட்சை நாள் வந்தது. இன்ஸ்பெக்டரும் வந்தார். ஒல்லியான மனிதர். பேச்சையும் அதே அளவில் வைத்திருப்பவர். காலையிலிருந்து ஆறு பேர் பாடம் நடத்தினார்கள். ஆறு வாத்துகள் நீந்தின. ஆறு முறை வடிவு தப்புச் சொன்னாள், வெட்கப்பட்டாள், திருந்தினாள். இன்ஸ்பெக்டரின் பென்சில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாவது ஞானமுத்து. வாசகப் புத்தகத்தைத் தொடவில்லை. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகையண்டை நின்றார். எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. கடைசி முயற்சியாக, இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் கைகளை வாத்தின் சிறகைப்போல அசைத்துக் காட்டினேன். ஞானமுத்து பார்த்தார். பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார்.

“வடிவு, நீ செத்த நேரம் வெளிய போயி நில்லும்மா.”

அவள் எழுந்தாள். கதவுவரை போய்விட்டு, ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். கடமை தவறாத பிள்ளை.

“சார், இன்னைக்கு நான் எந்த இடத்துல தப்புச் சொல்லணும்?”

இன்ஸ்பெக்டரின் பென்சில் நின்றது.

“என்ன கேட்கிறது இந்தக் குழந்தை?”

ஞானமுத்து தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. வடிவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள்.

“தப்புச் சொல்றது நான்தான் சார். போன வருஷம் செல்லக்கனி சொன்னா. அவ ரெண்டாங்கிளாஸ் போயிட்டா.”

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரிலிருந்த தேசப்படத்தைப் பார்த்தேன். இந்தியா பெரிய தேசம். ஆனால் ஒளிந்துகொள்ள அதில் ஓரிடமும் அகப்படவில்லை.

“எத்தனை வருஷமாக?”

“ஒரு... நாலு வருஷமாக.”

அவர் தம் நோட்டில் பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டினார். தாம் எழுதியதைத் தாமே வாசித்தார். ‘தவறு திருத்தும் முறை மிக நன்று.’ இன்னொரு பக்கம். ‘மிக நன்று.’ நோட்டை மூடினார்.

“அப்படியானால் இவர் இப்போது நடத்தப்போவதும் முன்கூட்டிச் சொல்லிவைத்ததுதான்.”

ஞானமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தார். “இல்லீங்கய்யா. இது எனக்கே தெரியாது.”

“தெரியாதா? பாடம் நடத்துகிறவர் நீர்தானே?”

“பிள்ளைக சொன்னாத்தான் தெரியும். அவுக சொல்றதை எழுதுவேன். வெளிய இருக்க பிள்ளை வந்து வாசிக்கும்.”

“வாசிக்காவிட்டால்?”

“நிப்பேன்யா.”

பின்வரிசையில் ஒருவர் இருமினார். போன ஆண்டு அவர் நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கோ சேத்தூர் நாற்காலி நகர்ந்து போவது கண்ணுக்கே தெரிந்தது. நாலு வருஷமாக நான் செய்த திருட்டுக்கு, திருடவே மாட்டேன் என்ற மனிதர் தண்டனை வாங்கப்போகிறார். முன்னால் போய், ‘ஐயா, குற்றம் என்னுடையது, இவரை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன். நினைப்பதில் நான் எப்போதுமே வேகம்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஞானமுத்து கையிலிருந்து சாக்குக்கட்டியை வாங்கினார். வடிவை வெளியே போகச் சொன்னார். பலகையில் தாமே எழுதினார்.

‘பின்னால் நிற்கும் வாத்தியாருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது?’

மற்றப் பிள்ளைகளைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். முப்பதில் பத்துப் பதினைந்து தலைகள் ஏற்கெனவே பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

வடிவு உள்ளே வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள்.

“பின்... னால்...”

நின்றாள்.

“நிற்கும்...”

மறுபடி நின்றாள். ‘வாத்தியாருக்கு’ என்பதில் முதல் இரண்டு எழுத்தும் வாத்துக்கும் உரியவை. இதோ, ‘வாத்து’ என்று ஆரம்பித்துவிடப் போகிறாள். நீரில் நீந்தப் போகிறாள். அவளோடு ஞானமுத்துவும் முழுகப் போகிறார்... அவள் உதடு குவிந்தது. விரிந்தது. சத்தம் வரவில்லை.

மணிக்கட்டுக் கடிகாரத்தை இன்ஸ்பெக்டர் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து எடுத்துக்கொடுத்தால் போதும்... வாயைத் திறந்துவிட்டேன். ஞானமுத்து என் பக்கம் திரும்பாமலே ஒரு கையை மட்டும் தூக்கினார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல. மாணாக்கர் ஒருவர் எனக்குக் கை காட்டுவது இதுவே முதல் தடவை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். போன ஆண்டு நின்றதைப்போலவே. சேத்தூர், மானேஜர், ஜூன் மாதம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கிறது, நாம் குறுக்கே போகக்கூடாது... அவ்வளவுதான் இருந்தது.

மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

“வாத்தி... யாருக்கு,” என்றாள் வடிவு. “ஏன்... இப்படி... வேர்... வேர்க்கிறது.”

சொல்லி முடித்துவிட்டுப் பலகையை ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். பிறகு அவளிடம் ஒருவரும் கேட்காத ஒன்றைச் செய்தாள். திரும்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

“அவியளுக்குப் பயம் சார். நான் தப்பே சொல்லலைல்லா, அதான்.”

முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே ஜில்லாவில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி. பிறகு பிள்ளைகள், பிறகு பின்வரிசை. கடைசியாக நான்.

சிரிப்பு அடங்கியதும் ஞானமுத்து மெல்லக் கேட்டார். “ஐயா, நேரம் தாண்டிருச்சுங்களே?”

“தாண்டிவிட்டது,” என்றார் இன்ஸ்பெக்டர். “என் சர்வீஸில் ‘வாசி’ என்று சொன்னதும் வாசித்த பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வாசித்துவிட்டுப் பதில் சொன்ன பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சேத்தூர் மானேஜருக்கு நீரே கடிதம் எழுதிவிடும், ஜூனில் வருகிறேன் என்று. சர்ட்டிபிகேட் பின்னால் வரும்.”

ஞானமுத்து கையிலிருந்த சாக்குத்தூளை வேட்டியில் துடைத்தார். வேட்டியைப் பார்த்தார். மறுபடி கையைத் துடைத்தார். அழுகிற மனிதர்கள் செய்கிற எல்லாவற்றையும் அழுகையை மட்டும் விட்டுவிட்டுச் செய்தார்.

வாசிப்பைப் பற்றிப் பத்து வருஷமாகப் பேசிவருகிற எனக்கு அன்று ஒன்று விளங்கியது. எழுத்தைச் சத்தமாக மாற்றுவதை வாசிப்பு என்று நினைத்திருந்தேன். சத்தம் நன்றாக வந்ததா என்றே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். இசக்கியின் மூக்கு மையை அட்டையில் பார்த்ததுமே வடிவு சிரித்தாளே, அங்கேயே வாசிப்பு முடிந்துவிட்டது. பிறகு வந்த சத்தம் நம்முடைய திருப்திக்கு. நாமும் பத்திரிகையை அப்படித்தானே பார்க்கிறோம்? தலையங்கத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், பிரமாதமாக எழுதியிருக்கிறான் என்கிறோமே... நம்மில் எத்தனை பேர் வாத்துப் பாடத்தில் பாஸானவர்கள்?

மற்ற மாணாக்கர்களையும் இன்ஸ்பெக்டர் கைவிடவில்லை. இம்மாதக் கடைசியில் வத்திராயிருப்புப் பக்கம், எங்கள் வாத்தைக் கண்டறியாத ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்கள் மறுபடி பாடம் நடத்த வேண்டும். இப்போது இடைவேளையானால் அட்டையும் கையுமாக ஞானமுத்துவைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் நேற்று வராந்தாவில் என்னை வழிமறித்து, “ஐயா, வாத்து முழுகிருச்சே” என்று துக்கம் விசாரித்தார்.

வடிவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். தப்புச் சொல்லும் உத்தியோகம் ரத்தாகிவிட்டது என்று நானே போய்த் தெரிவித்தேன். 

“அப்ப இனிமே தப்பு வந்தா?”

“வந்தால் வரட்டும்.”

“தானாவா?”

“தானாக.”

நம்பிக்கையில்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜூனில் புது மாணாக்கர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் நாள் பாடம் இப்போதே தயார்: பிள்ளை வாசிக்கும்போது உபாத்தியாயர் வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி? இதைப் பற்றி அடியேன் இரண்டரை மணி நேரம் பேசுவதாக உத்தேசம்.